பிறந்த குழந்தை மூச்சுவிடாதபோது: மருத்துவ மாணவர் பயிற்சியில் மேனிகின்களின் இடம்

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் பிறந்த 10 முதல் 30 வினாடிகளுக்குள் தாமாகவே மூச்சுவிடத் தொடங்கிவிடுகின்றன. இன்னொரு 10 சதவீதக் குழந்தைகளுக்கு ஈரத்தைத் துடைத்து முதுகை மெல்லத் தேய்த்துவிட்டாலே போதும். எஞ்சிய ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு மாஸ்க் வைத்துக் காற்றை நுரையீரலுக்குள் செலுத்த வேண்டியிருக்கும். மொத்தக் குழந்தைகளில் அதிகபட்சம் 2 சதவீதத்துக்கு மூச்சுக்குழாயில் குழாய் செருக வேண்டியிருக்கும். மார்பை அழுத்தி இதயத்துக்கு உதவ வேண்டிய நிலை ஆயிரத்தில் ஒரு குழந்தைக்குத்தான் வரும். பெற்றோருக்கு ஆறுதல் தரும் இந்தக் கணக்குதான் மருத்துவக் கல்விக்குப் பெரிய சிக்கலாக நிற்கிறது. பிரசவ அறையில் சில வாரங்களே பயிற்சி பெறும் மாணவர், மூச்சுவிடாத குழந்தை ஒன்றைக்கூடப் பார்க்காமலேயே அந்தப் பயிற்சியை முடித்துவிடக்கூடும். அப்படியொரு குழந்தை பிறந்துவிட்டாலும், அந்த நேரத்தில் மாணவரை ஒதுங்கி நிற்கச் சொல்வதுதான் முறை. கற்றுக்கொள்பவரின் தடுமாற்றத்துக்கு அந்தக் குழந்தையிடம் நேரம் இல்லை. ஆனால் அதே மாணவர் பட்டம் பெற்று ஒரு சிறிய மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும்போது, குழந்தையைக் கையில் வாங்க அவரைத் தவிர வேறு யாரும் இல்லாமல் போகலாம். பார்த்தே இராத ஒன்றைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற இந்த நெருக்கடியிலிருந்துதான் பச்சிளங்குழந்தை மேனிகின்களின், அதாவது பயிற்சிக்கென்று குழந்தை உருவில் செய்யப்பட்ட பொம்மைகளின், தேவை பிறந்தது.

அந்தச் சில நிமிடங்களில் குழந்தையின் உடலுக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால்தான், மேனிகின் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதும் புரியும். கருப்பையில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை, திரவமே நிரம்பியிருக்கிறது. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வந்துசேர்கிறது. பிறந்தபின் எடுக்கும் முதல் சில மூச்சுகளில் அந்தத் திரவம் காற்றறைகளைவிட்டு விலகி, அங்கே காற்று புகுகிறது. அதுவரை இறுகிக் கிடந்த நுரையீரல் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் அங்கே பாய்கிறது. இந்த மாற்றம் தடைபட்டால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து இதயத்துடிப்பு சரியத் தொடங்கும். பெரியவர்களுக்குத் திடீரென இதயம் நின்றுபோகும்போது கோளாறு பெரும்பாலும் இதயத்திலேயே தொடங்குகிறது. பச்சிளங்குழந்தைக்கோ இதயம் பொதுவாக நல்ல நிலையிலேயே இருக்கிறது. காற்று கிடைக்காததால்தான் அது தளர்கிறது. எனவே நுரையீரலுக்குள் காற்று ஒழுங்காகச் சென்றால், பெரும்பாலான குழந்தைகளில் துடிப்பு தானாகவே ஏறிவிடும். வேறு எத்தனை நடவடிக்கைகள் பாடப் புத்தகத்தில் இருந்தாலும், இந்த ஒன்றுதான் அத்தனைக்கும் அச்சாணி.

பிறந்த முதல் நிமிடத்துக்குள் குழந்தை மூச்சுவிட்டிருக்க வேண்டும், அல்லது அதற்கு மாஸ்க் வழியாகக் காற்று கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதைப் 'பொன்னான நிமிடம்' என்று பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாணவர்கள் பலர் ஆப்கர் மதிப்பெண்ணை வைத்துத்தான் சிகிச்சையைத் தொடங்குவதென்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வர்ஜீனியா ஆப்கர் 1953இல் வெளியிட்ட அந்த மதிப்பீடு குழந்தையின் நிலையைப் பதிவுசெய்வதற்கானது. அதன் முதல் கணக்கே ஒரு நிமிடம் முடிந்த பிறகுதான் எடுக்கப்படுகிறது. அதற்காகக் காத்திருந்தால், எந்த நிமிடத்தைப் பயன்படுத்த வேண்டுமோ அந்த நிமிடமே கைநழுவிவிடும். எழுத்துத் தேர்வில் இதைச் சரியாக எழுதிவிடும் மாணவரும்கூட மேனிகின் முன்னால் நிற்கும்போது நேரம் ஓடுவதை உணராமல் துடைத்துக்கொண்டே இருப்பதைப் பயிற்சிக்கூடங்களில் அடிக்கடி காணலாம். சுவர்க் கடிகாரம் அறுபது வினாடியைக் கடந்த பிறகும் மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தக் கையால் அழுத்தும் ஆம்பு பையை நோக்கி அவர் கை போயிருக்காது.

உயிர்மீட்புப் பயிற்சிக்குப் பொம்மையைப் பயன்படுத்தும் வழக்கம் 1960இல் தொடங்கியது. நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகரில் பொம்மை தயாரித்துக்கொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டல், பீட்டர் சேஃபர் உள்ளிட்ட மருத்துவர்களின் ஊக்கத்தோடு, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதைப் பழகுவதற்காக 'ரெஸஸி ஆன்' என்ற உருவத்தைச் செய்தார். அது பெரியவர்களுக்கான சிகிச்சையைப் பழகுவதற்கானது. பச்சிளங்குழந்தைகளுக்கென்று தனிப் பாடத்திட்டம் 1987இல் அமெரிக்காவில் வந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அமெரிக்க இதயச் சங்கமும் சேர்ந்து அதைத் தொடங்கின. முதலில் விரிவுரை, படவில்லை, பொம்மைமேல் தனித்தனித் திறன்கள் என்ற அளவில்தான் அது நடந்தது. 2000ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஹாலமெக்கும் அவருடைய குழுவினரும், உண்மையான பிரசவ அறையைப் போலவே ஓர் அறையை அமைத்து, முழு நிகழ்வையும் நடித்துப் பழகும் முறையை மருத்துவ இதழில் முன்வைத்தார்கள். திறன்களைத் துண்டு துண்டாகப் பழகுவதற்கும், பதற்றமும் சத்தமும் நிறைந்த சூழலில் அவற்றைக் கோத்துச் செய்வதற்கும் இடையே உள்ள தொலைவை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டு கழித்து, 2010இல், வசதி குறைந்த இடங்களுக்கென உருவாக்கப்பட்ட 'ஹெல்ப்பிங் பேபீஸ் பிரீத்' என்ற பாடத்திட்டம் அறிமுகமானது.

அந்தப் பாடத்திட்டத்தோடு வந்த 'நியோநேட்டலி' என்ற மேனிகினைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். இது மின்சாரமோ கணினியோ தேவைப்படாத எளிய உருவம். உடலுக்குள் வெதுவெதுப்பான நீரை நிரப்பினால் உண்மையான குழந்தையைப் போலக் கனத்து, கைகால்கள் தொய்ந்து தொங்கும். பயிற்சியாளர் கையில் இருக்கும் சிறு ரப்பர் குமிழ்களை அழுத்தினால் தொப்புள்கொடியில் துடிப்பு தெரியும், மார்பு எழும்பும், அழுகுரல் கேட்கும். மாணவர் காற்றுக் கொடுக்கும்போதோ, மாஸ்க்கைச் சரியாகப் பொருத்திப் பையை அழுத்தினால் மட்டுமே அதன் மார்பு உயரும். மறுமுனையில், கணினியால் இயங்கும் விலையுயர்ந்த மேனிகின்கள் இருக்கின்றன. அவற்றின் உதடு நீலம் பாய்ந்து காட்டும், கைகால் அசையும், மானிட்டரில் துடிப்பும் ஆக்சிஜன் அளவும் ஓடும். தொப்புள் இரத்தநாளத்தில் குழாய் செருகி மருந்து கொடுத்தும் பழகலாம். குறைமாதக் குழந்தையின் அளவிலும் எடையிலும் செய்யப்பட்டவையும் உண்டு. ஒரு கிலோ எடைகூட எட்டாத உருவத்தைக் கையில் ஏந்தும்போதுதான், நிறைமாதக் குழந்தைக்கான மாஸ்க் அதன் கண்களையும் சேர்த்து மூடிவிடும் என்பது மாணவருக்கு உறைக்கிறது.

மேனிகின் கற்பிக்கும் திறன்களில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், மாஸ்க்கைப் பிடிப்பதற்கே என்று தயங்காமல் சொல்வேன். பார்க்க மிக எளிதாகத் தோன்றும் இந்த வேலையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். குழந்தையின் தலை பின்னோக்கி அதிகம் வளைந்தாலும் மூச்சுவழி அடைபடும், முன்னோக்கிக் கவிழ்ந்தாலும் அடைபடும். முகர்ந்து பார்ப்பவர் முகத்தை லேசாக முன்னே நீட்டும் நிலையில் கழுத்து இருக்க வேண்டும். தோளுக்கடியில் மடித்த துணியை வைத்தால் அந்த நிலை கிடைக்கும். மாஸ்க்கின் கீழ்விளிம்பை முதலில் தாடையில் வைத்து, பிறகு வாயையும் மூக்கையும் மூடுமாறு சாய்த்து இறக்கி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விளிம்பைச் சீராக அழுத்தி, மற்ற விரல்களால் தாடை எலும்பை மாஸ்க்கை நோக்கி மேலே தூக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர் இந்தக் கடைசிச் செயலை மறந்து, மாஸ்க்கை மட்டும் கீழே அழுத்துவார். அப்போது தாடை உள்ளே போய் மூச்சுவழி மூடிக்கொள்ளும். மாஸ்க்கின் ஓரம் வழியே காற்று 'புஸ்' என்று வெளியேறும். அவர் காதில் அந்த ஓசை விழாது, ஏனெனில் கண்ணும் கருத்தும் பையை அழுத்தும் கையில் இருக்கும். மாஸ்க்குக்கும் பைக்கும் இடையே காற்றோட்டத்தை அளக்கும் கருவியைப் பொருத்தி மேனிகின்கள்மேல் நடத்திய ஆய்வுகளில், அனுபவம் மிக்கவர்கள் பிடித்தபோதுகூட செலுத்திய காற்றில் கணிசமான பங்கு கசிந்ததும், பிடிக்கும் முறையைச் செய்துகாட்டிக் கற்பித்த பிறகு கசிவு வெகுவாகக் குறைந்ததும் தெரியவந்தன. தன் கை எவ்வளவு கசியவிடுகிறது என்பதைத் திரையில் எண்ணாகக் காணும் மாணவர் அதை எளிதில் மறப்பதில்லை.

கசிவுக்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. பச்சிளங்குழந்தைகளுக்கான ஆம்பு பைகளின் கொள்ளளவு பொதுவாக 240 மில்லிலிட்டர் அளவில் இருக்கும். குழந்தையின் ஒரு மூச்சுக்கோ, எடையில் ஒரு கிலோவுக்கு 4 முதல் 6 மில்லிலிட்டர் காற்றே போதும். மூன்று கிலோ குழந்தைக்கு 12 முதல் 18 மில்லிலிட்டர். பதற்றத்தில் பையை முழுக்கப் பிழிபவர் தேவையைவிடப் பல மடங்கு காற்றை மென்மையான நுரையீரலுக்குள் தள்ளிவிடலாம். அழுத்தம் மிகும்போது திறந்துகொள்ளும் வால்வு பெரும்பாலான பைகளில் இருந்தாலும், அதையே முழுக்க நம்ப முடியாது. நிமிடத்துக்கு 40 முதல் 60 என்ற வேகம் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. பதறும் கை அதைத் தாண்டி ஓடும். எவ்வளவு அழுத்தினால் மார்பு மெல்ல எழும்பும் என்பதைச் சொற்களால் விளக்கிவிட முடியாது. விரல்கள் தாமே அறிந்துகொள்ள வேண்டிய அளவு அது.

மார்பு எழும்பவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிசை உண்டு: மாஸ்க்கை மீண்டும் பொருத்து, தலையின் நிலையைத் திருத்து, வாயையும் மூக்கையும் உறிஞ்சிச் சுத்தம்செய், வாயைச் சற்றுத் திறந்து வை, அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டு, அதற்கும் பலனில்லை என்றால் குழாய் போன்ற மாற்றுவழிக்குப் போ. பயிற்சியாளர் வேண்டுமென்றே மேனிகினின் காற்றுவழியை அடைத்துவைத்து, மாணவர் இந்த வரிசைக்கு வருகிறாரா, அல்லது பலனில்லாத அழுத்தத்தையே மேலும் மேலும் கொடுத்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனிப்பார். நுரையீரலுக்குக் காற்றே போகாத நிலையில் மார்பு அழுத்தத்துக்குத் தாவிவிடுவது மாணவர்களிடம் காணப்படும் பெரிய பிழை. காற்று முறையாகச் சென்று 30 வினாடி கழிந்த பிறகும் துடிப்பு நிமிடத்துக்கு 60க்குக் கீழே இருந்தால் மட்டுமே அது தேவை. அப்போது மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் நிமிடத்துக்கு 90 அழுத்தமும் 30 மூச்சும் அமைய வேண்டும். இருவர் இணைந்து, ஒருவர் வாய்விட்டு எண்ண, மற்றவர் அதற்கேற்பப் பையை அழுத்தும் இந்தத் தாளம் தனியாகப் படித்து வருவதில்லை.

துடிப்பை எண்ணுவது இன்னொரு திறன். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து 6 வினாடி எண்ணிப் பத்தால் பெருக்குவது எளிய முறை. ஆனால் காதால் கேட்டு எண்ணும்போது மருத்துவர்களும் குறிப்பிடத்தக்க அளவு பிழை செய்வது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மேனிகினில் துடிப்பொலி இல்லாத இடங்களில் பயிற்சியாளர் மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். கேட்பவரும் தன் விரலால் தட்டியபடியே குழுவினருக்குத் தெரியப்படுத்துவார். செலவே இல்லாத இந்த முறை, எண்ணுவதையும் எண்ணியதை உரக்கச் சொல்வதையும் ஒருசேரப் பழக்கிவிடுகிறது.

இத்தனை இருந்தும் மேனிகின் பொய் சொல்லும் இடங்கள் பல என்பதை மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உண்மையான குழந்தை ஈரத்தோடும் வெள்ளை மாவுபோன்ற படலத்தோடும் வழுக்கும். மாஸ்க் அந்த முகத்தில் நிற்பது மேனிகினின் உலர்ந்த ரப்பர் முகத்தில் நிற்பதைவிடக் கடினம். மேனிகினின் நுரையீரல் திரவம் நிறைந்ததன்று. உண்மையான நுரையீரல் முதல் மூச்சுகளில் விறைப்பாக இருந்து பின்னர் இளகுவதை அதனால் காட்ட இயலாது. தளர்ந்த குழந்தை சிகிச்சைக்குப் பிறகு மெல்லக் கைகாலை மடக்குவது பெரும்பாலான மேனிகின்களில் இல்லை. உடல் குளிர்ந்துபோகும் ஆபத்தையும் அது உணர்த்தாது. குறைமாதக் குழந்தையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றும் செயலை மாணவர் வெறும் சடங்காகச் செய்துவிடுவது இதனால்தான். முதல் ஐந்து நிமிடங்களில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 60 சதவீதத்தை ஒட்டிய நிலையிலிருந்து மெல்லத்தான் ஏறும் என்பதையும், பிறந்த உடனே நிறம் சற்று நீலமாக இருப்பது இயல்பே என்பதையும் உண்மையான குழந்தைகளைக் கண்ணால் பார்த்துத்தான் மனத்தில் பதியவைக்க வேண்டும். நலமாகப் பிறக்கும் குழந்தைகள் பலவற்றின் முதல் நிமிடங்களை நின்று கவனித்த மாணவருக்கே மேனிகின் பயிற்சி முழுப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

விலையுயர்ந்த மேனிகின் வாங்கினால் மாணவர் நன்றாகக் கற்பார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்துக்குச் சான்று குறைவு. 2015இல் வெளியான, இந்தியாவில் இளநிலை மருத்துவ மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்றில், கணினி மேனிகினில் பழகியவர்களும் எளிய மேனிகினில் பழகியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். உதடு நீலமாவதும் மானிட்டர் ஒலிப்பதும் ஒரு தேர்ந்த குழுவின் கூட்டுச் செயலைச் செம்மைப்படுத்த உதவலாம். மாஸ்க் பிடிக்கவே பழகாத மாணவருக்கு அவை கவனச்சிதறலாகவும் ஆகலாம்.

அதைவிடக் கனமான கேள்வி, பயிற்சிக்கூடத்தில் கற்றது பிரசவ அறைக்குப் போய்ச் சேர்கிறதா என்பது. இதற்கான மிகத் தெளிவான பாடம் தான்சானியாவில், ஹைடம் என்ற ஊரக மருத்துவமனையிலிருந்து வந்தது. 2010இல் அங்கே பணியாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி அளிக்கப்பட்டது. ஏழு மாதங்கள் கழித்துச் சோதித்தபோது, மேனிகின்மேல் அவர்கள் செயல்பட்ட விதம் முன்பைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் உண்மையான பிரசவங்களில் குழந்தைகளைக் கையாண்ட விதத்தில் மாற்றம் தென்படவில்லை. பயிற்சியின் தேர்ச்சிப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் திட்டம் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். பிரசவ அறைக்குள்ளேயே ஆட்கள் நின்று நேரத்தோடு பதிவுசெய்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. அதன்பின் முறை மாற்றப்பட்டது: மேனிகினைப் பிரசவப் பிரிவுக்கே கொண்டுவந்து, சில நிமிடங்களே பிடிக்கும் குறும்பயிற்சியைப் பணிக்கு இடையிலேயே அடிக்கடி செய்யவைத்தார்கள். அந்தக் குறும்பயிற்சிகளுக்குப் பிறகு உதவி தேவைப்பட்ட குழந்தைகளுக்கு மேலும் சரியாகச் சிகிச்சை கிடைத்ததையும், பிறந்த 24 மணி நேரத்துக்குள் நிகழும் இறப்பு குறைந்ததையும் 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே நாட்டின் எட்டு மருத்துவமனைகளில் நடந்த 'ஹெல்ப்பிங் பேபீஸ் பிரீத்' திட்டத்தின் முடிவுகள் 2013இல் வெளியானபோது, முதல் 24 மணி நேர இறப்பு 47 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே 30 மருத்துவ நிலையங்களில் நடந்து, 2025இல் முடிவுகள் வெளியான விரிவான திட்டத்தில், பிறப்பை ஒட்டிய இறப்பு ஆயிரத்துக்கு 15.3இலிருந்து 12.5ஆகக் குறைந்தது. அந்தத் திட்டத்தில் அடிக்கடி நடத்தப்படும் பணியிடப் பயிற்சி ஒரு பகுதி. இதயத்துடிப்பை அளக்கும் கருவிகளும், ஒவ்வொரு மருத்துவ நிலையமும் தன் விவரங்களைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் உடனிருந்தன. ஆகவே முழுப் புகழையும் மேனிகினுக்கே கொடுப்பது நேர்மையாகாது.

மருத்துவ மாணவரின் பாடத்திட்டத்தை வகுப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஏராளம். உயிர்மீட்பு பற்றிய அறிவு மாணவர் மனத்தில் நீண்டகாலம் தங்குகிறது. கைத்திறனோ சில மாதங்களிலேயே தேயத் தொடங்குகிறது. அப்படியிருக்க, இறுதியாண்டில் ஒரே ஒரு பகல் முழுவதும் நாற்பது பேரை ஒரு மேனிகினைச் சுற்றி நிறுத்தி நடத்தும் பயிற்சியில், பெரும்பாலானோர் மாஸ்க்கைத் தொடுவதே ஓரிரு முறைதான். அதே நேரத்தைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்து, மகப்பேறு, குழந்தை மருத்துவம், பயிற்சி மருத்துவராகும் ஆண்டு ஆகிய மூன்றிலும் பரப்பிவைத்தால், செலவு கூடாமலேயே கை பழகும். பிழை செய்த இடத்திலேயே நிறுத்தி, திருத்தி, அதே செயலை மறுபடி செய்யவைப்பதும் இத்தகைய குறும்பயிற்சியில்தான் எளிது.

முழு நிகழ்வை நடித்துப் பழகும்போது, கற்றல் பெரும்பாலும் அது முடிந்த பிறகான உரையாடலில்தான் நிகழ்கிறது. பத்து நிமிட நிகழ்வுக்கு இருபது நிமிட உரையாடல் மிகையன்று. 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று அதட்டும் ஆசிரியரிடம் மாணவர் காரணத்தைச் சொல்லமாட்டார், மன்னிப்புத்தான் கேட்பார். 'ஒன்றரை நிமிடத்தில் துடிப்பு 50 என்று கேட்டது. அப்போது என்ன நினைத்தீர்கள்?' என்று கேட்டால், துடிப்பைச் சொன்னது தன் காதில் விழவே இல்லை என்ற உண்மை வெளிவரும். குழுவில் யார் தலைமை, யார் நேரத்தைக் குறிப்பது, சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொன்னாரா என்பவையெல்லாம் அப்போதுதான் பேசப்படும். காணொளிப் பதிவு இதற்கு உதவும். ஆனால் அது மதிப்பெண்ணுக்கோ, மற்றவர்க்குக் காட்டுவதற்கோ பயன்படாது என்ற உறுதியை மாணவருக்கு முதலிலேயே தந்துவிட வேண்டும்.

பயிற்சியில் குழந்தை இறந்துபோகலாமா என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொடக்கநிலை மாணவர் செய்த பிழைக்குத் தண்டனைபோல மேனிகினை 'இறக்க'விடுவது அவரை முடக்கிவிடும் என்றே நினைக்கிறேன். எல்லாம் சரியாகச் செய்தும் சில குழந்தைகளைக் காப்பாற்ற முடிவதில்லை என்பதையும், அப்போது பெற்றோரிடம் பேசும் முறையையும் கற்பிப்பது வேறு விஷயம். அதற்கென்று முன்கூட்டியே அறிவித்து, மூத்தோர் உடனிருந்து நடத்தும் தனிப் பயிற்சி வேண்டும். சாதாரணப் பயிற்சிகளிலும் தாயாக நடிக்க ஒருவரை அறையில் வைத்துக்கொள்வது நல்லது. 'என் குழந்தை ஏன் அழவில்லை?' என்று அவர் கேட்கும்போது, மாஸ்க்கிலிருந்து கையை எடுக்காமலும் பொய் சொல்லாமலும் ஒரு வரியில் பதில் சொல்ல மாணவர் பழக வேண்டும்.

கடைசியாக, மேனிகினை எங்கே வைப்பது என்ற எளிய கேள்வி. பல கல்லூரிகளில் அது திறன் ஆய்வகத்தில், பூட்டிய அலமாரியில், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க, அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. பழுதாகிவிடும் என்ற அச்சத்தில் தேர்வு நாளில் மட்டுமே வெளியே வருகிறது. ஒரே ஒரு மேனிகினுக்கும் ஓர் ஆம்பு பைக்கும்தான் நிதி இருக்கிறது என்றால், எளிய வகையை வாங்கி, பிரசவப் பிரிவின் ஓரத்தில் ஒரு மேசைமேல், இரண்டு அளவு மாஸ்க்குகளோடு, இரவுப் பணியில் இருப்பவர்களும் எடுத்துப் பழகும்படி வைப்பதே மேல். மாஸ்க் கிழிந்தால் புதிது வாங்கவும், பயன்படுத்திய பாகங்களைக் கழுவி உலர்த்தவும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். பயிற்சிக்கான பையும் மாஸ்க்கும் நோயாளிக்கானவற்றோடு கலந்துவிடாதபடி பளிச்சென்ற அடையாளமும் இட வேண்டும்.